ஊசி நம் கையில் இருக்கட்டும்

(நயினாதீவு யாத்திரையின் இரண்டாம் நாள் மாலை, நாங்கள் தங்கியிருந்த மடத்து முற்றத்தில் உறுப்பினர்களிடமும் குடும்பத்தாரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



எல்லோரும் களைத்திருக்கிறீர்கள். அம்மனைக் கண்டோம், அன்னதானம் சாப்பிட்டோம், விகாரையையும் பார்த்துவிட்டு வந்தோம், பிள்ளைகள் கடலில் கால் நனைத்தார்கள். நாளைக் காலைப் படகுக்கு நேரத்தோடு எழும்ப வேண்டும். அதனால் நீட்டிப் பேச மாட்டோம் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. பாடம் எடுப்பவரும் சங்கம் பேசுபவரும் ஒரே ஆளாக இருந்தால் பேச்சு எப்படிச் சுருங்கும்? ஆனாலும் இன்றைக்குச் சம்பளம் பற்றிப் பேசப்போவதில்லை. நேற்று குறிகாட்டுவான் துறையில் நடந்ததைப் பற்றித்தான் பேச வேண்டும். அதைப் பேசாமல் மலைக்குத் திரும்பினால் நாங்கள் நிம்மதியாகத் தூங்க மாட்டோம்.

நடந்தது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியாது. நம் அக்கா ஒருவர், இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறிப்பவர், வெயிலில் வரிசையில் நின்றபோது திடீரென்று வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பக்கத்தில் நின்றவரிடம் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் தாங்கவில்லை என்று சிலர் விசிறினோம். சாமி வந்துவிட்டது என்று ஒருவர் கும்பிட்டார். அப்போது தீவுக்குத் திரும்பப் படகுக்கு நின்ற ஆச்சி ஒருவர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “இவவுக்குச் சீனி வருத்தமோ? ஊசி போடுறவவோ? காலமை சாப்பிட்டவவோ?” என்று மூன்றே கேள்வி கேட்டார். “சாப்பிடேல்லையெண்டால் சீனி இறங்கிப் போச்சு. கெதியாச் சீனித்தண்ணி குடுங்கோ பிள்ளையள்” என்றார். தேநீர்க் கடையில் சீனி வாங்கிக் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் அக்கா எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஏன் அப்படி நடந்தது? விடியற்காலை யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கியதும், சாப்பாடு வாங்கப்போகிறோம் என்று நம்பி அக்காவுக்கு இன்சுலின் போடப்பட்டது. அதற்குள் நாங்கள், “படகு கூட்டமாகிவிடும், ஏறுங்கள், தீவுக்குப் போய்ச் சாப்பிடலாம்” என்று எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றினோம். பிழை அக்காவுடையது அல்ல. பஸ்காரருடையதும் அல்ல. பயணத்தை ஒழுங்கு செய்த எங்களுடைய பிழை. ஊசி உடம்புக்குள் போய்விட்டால் அது படகுக்காகக் காத்திருக்காது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லத்தான் முதலில் எழுந்தோம்.

அக்காவின் பெயரைச் சொல்ல மாட்டோம். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். “பேசுங்க டீச்சர், நாலு பேருக்கு உதவும்” என்று அவர் சொன்ன பிறகுதான் பேசுகிறோம்.

இன்னொன்றையும் அவரைக் கேட்டுத்தான் சொல்கிறோம். அக்காவுக்கு ஊசி தொடங்கி ஒன்பது மாதம். இந்த ஒன்பது மாதமும் ஒரு நாள்கூட அவர் தானாகப் போட்டதில்லை. போட்டது யார்? அவருடைய மகள், சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிற பிள்ளை. காலையில் அம்மாவுக்கு ஊசி, பிறகு தம்பியைக் கிளப்ப வேண்டும், பிறகுதான் பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளை முதல் பாடத்துக்கு நேரத்துக்கு வருவதே இல்லை. நாங்களும் பிந்தி வருகிற பிள்ளைகளின் வரிசையில் அவளை நிறுத்தியிருக்கிறோம். ஒரு நாளும் அவள் காரணம் சொல்லவில்லை. பாட்டி வீட்டுக்குப் போக மாட்டாள், சுற்றுலாவுக்குப் போக மாட்டாள், மாலை வகுப்பில் பாதியில் எழுந்து போவாள். இந்த யாத்திரைக்கு மகள் வகுப்பை விட்டுவிட்டு வரமுடியாது என்றபோதுதான், “அப்போ ஊசியை யாரு போடுறது?” என்று அக்கா கேட்டார். எங்களுக்கும் அப்போதுதான் விளங்கியது.

தோழர்களே, இந்த முற்றத்தில் இருப்பவர்களில் இன்சுலின் போடுகிறவர்கள் கை உயர்த்துங்கள் என்று மத்தியானம் கேட்டபோது ஏழு கை உயர்ந்தது. அவர்களில் தானே போடுகிறவர்கள் இரண்டு பேர். மற்ற ஐந்து பேருக்கும் மகளோ, மருமகளோ, பக்கத்துக் காம்பராப் பிள்ளையோ போடுகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தும் இன்னும் தொடங்காதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டோம். யாரும் கை உயர்த்தவில்லை. ஆனால் மூன்று பேர் தலையைக் குனிந்தார்கள். அவர்களிடம்தான் முக்கியமாகப் பேசுகிறோம்.

ஊசிக்கு ஏன் பயப்படுகிறோம்? லயத்தில் நாம் கேட்ட பேச்சுகளை எடுத்துப் பார்ப்போம்.

முதல் பேச்சு: “ஊசிக்கு வந்துட்டா முடிஞ்சுபோச்சு. அவருக்கு ஊசி போட்டாங்க, ஆறு மாசத்துல காலை எடுத்தாங்க.” நடந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் காலை எடுக்க வைத்தது எது? பல வருடம் கூடியிருந்த சீனி. அது நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுத்துக்கொண்டே இருந்தது. காலில் புண் வந்து தெரியாமல் போனது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் ஊசியைத் தொடங்கினார்கள். வீடு எரிந்து முடிகிற நேரத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, தண்ணீர்தான் வீட்டை எரித்தது என்று சொல்லலாமா?

இரண்டாவது பேச்சு: “ஒருக்கா போட்டா பழகிப்போயிரும், விட முடியாது.” சாராயம் பழகுவதுபோல இன்சுலின் பழகாது. நம் வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. இன்சுலினைச் செய்வது அதுதான். சாப்பாட்டில் இருந்து வருகிற சீனி இரத்தத்தில் ஓடுகிறது. அதை உடம்பின் தசைக்குள் எடுத்துக்கொள்ள இன்சுலின் வேண்டும். சில பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே கணையம் இன்சுலின் செய்வதை நிறுத்திவிடுகிறது. அவர்களுக்கு முதல் நாளில் இருந்தே ஊசிதான். நிறுத்தினால் உயிர் போகும். பெரியவர்களுக்கு வருகிற சீனி வருத்தத்தில் கணையம் வருடக் கணக்கில் களைக்கிறது. முதலில் குளிசை அதைத் தள்ளிக்கொண்டு போகும். பிறகு குளிசை போதாமல் போகலாம். அப்போது உடம்பு செய்ய வேண்டியதை வெளியில் இருந்து கொடுக்கிறோம். குளிசையாகக் கொடுக்க முடியாதா என்றால், இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் வயிறு அதைச் சோற்றைப்போல் செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

மூன்றாவது பேச்சை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது வெட்கம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எங்கே போய் மறைவாக ஊசி போடுவது? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மலையில் வேலை செய்ய முடியாத ஆள் என்று கங்காணி முடிவு கட்டிவிட்டால்? இந்தப் பயம் வீண் பயம் அல்ல. இதற்குச் சங்கம் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் அதற்கு வருவோம்.

இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறோம், ஆசிரியர் என்றால் வரலாறு இல்லாமல் விடமாட்டோம். 1921இல் கனடாவின் டொரொன்டோ நகரில் பன்டிங் என்ற வைத்தியரும் பெஸ்ட் என்ற மாணவரும் நாயின் கணையத்தில் இருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். முதல் மருந்து சரிவரவில்லை. கொலிப் என்பவர் இன்னும் சுத்தமாக்கிக் கொடுத்த மருந்தை அதே மாதம் மறுபடியும் போட்டார்கள். பையன் எழுந்து நடந்தான். அதற்கு முன் அந்த வயதில் சீனி வருத்தம் வந்தால் சாவுதான். அந்த உரிமத்தை அவர்கள் டொரொன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இது எல்லா மனிதருக்கும் உரியது என்பதுதான் அதன் பொருள். பன்டிங் பிறந்த நவம்பர் 14ஐத்தான் உலகம் இன்றைக்கு நீரிழிவு நாளாகக் கொண்டாடுகிறது.

அதே 1922இல் எலிசபெத் ஹியூஸ் என்ற அமெரிக்கப் பிள்ளை டொரொன்டோவுக்குப் போனாள். 15 வயது, நிறை இருபது கிலோ அளவுதான். அவள் சீக்கிரமே தனக்குத் தானே ஊசி போடப் பழகினாள். அப்போது ஊசி என்றால் இன்றைக்குப்போல் மயிர் மெல்லிய ஊசி அல்ல. தடித்த ஊசி, கண்ணாடிக் குழாய், ஒவ்வொரு முறையும் அவிக்க வேண்டும். கவ்வாத்துக் கத்தி தீட்டுவதுபோல் ஊசியையும் கல்லில் தீட்டிக்கொள்வார்கள். அந்தப் பிள்ளை படித்து, கல்யாணம் கட்டி, மூன்று பிள்ளை பெற்று, 1981 வரைக்கும் வாழ்ந்தாள். வாழ்நாளில் ஏறக்குறைய 42,000 ஊசி. ஊசி தொடங்கினால் முடிவு என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

சரி, இனி வேலைக்கு வருவோம். எப்படிப் பழகுவது?

முதல் நாளே வயிற்றில் குத்தச் சொல்ல மாட்டோம். முதலில் வெறும் சிரிஞ்சைக் கையில் வைத்துப் பழகுங்கள். தண்ணீரை இழுத்து வெளியே விடுங்கள். கோட்டை வாசித்துப் பழகுங்கள். “எனக்குப் படிப்பு இல்லையே” என்று ஒரு அக்கா சொன்னார். கொழுந்து நிறுக்கிற தராசில் அரைக் கிலோ குறைந்தால் தூரத்தில் நின்றே கண்டுபிடிக்கிறீர்கள்; இந்தக் கோட்டையா வாசிக்க முடியாது? கண் மங்கியவர்கள் மட்டும் போடுவதற்கு முன் இன்னொருவரிடம் காட்டி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தோடம்பழத்தை எடுத்து அதில் குத்திப் பழகுங்கள். அந்தப் பழத்தைத் தின்னாமல் எறிந்துவிடுங்கள், அந்தச் சிரிஞ்சையும் உடம்பில் போடாதீர்கள்.

அடுத்து, கிளினிக்கில் மிஸ்ஸியின் முன்னால் ஒருமுறை நீங்களே போடுங்கள். “எனக்குச் சொல்லிக் கொடுங்கள்” என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கூட்டத்தில் அவருக்கு நேரம் இல்லாவிட்டால், “அடுத்த கிளினிக்குக்கு முன் எந்த நாள் வரட்டும்?” என்று கேட்டு நாள் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இப்போது முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொழுந்து ஆய்ந்த கறை கையில் இருக்கலாம், அழுக்கு இருக்கக் கூடாது. போத்தலில் மருந்தின் பெயரையும் முடிவுத் திகதியையும் பாருங்கள். உங்கள் மருந்து பால்போல் கலங்கியதாக இருந்தால் போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள்; குலுக்காதீர்கள். தெளிந்த மருந்தாக இருந்தால் அது தெளிந்தே இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் போடாதீர்கள். போட வேண்டிய அளவுக்குச் சிரிஞ்சில் காற்றை இழுத்துப் போத்தலுக்குள் விடுங்கள். பிறகு போத்தலைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுங்கள். குமிழி இருந்தால் சிரிஞ்சை விரலால் தட்டி மேலே வரவைத்துத் தள்ளிவிட்டு, அளவை மறுபடியும் பாருங்கள்.

எங்கே போடுவது? வயிறு நல்ல இடம். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். தொடையின் வெளிப்பக்கத்திலும் போடலாம். ஆனால் தொடையில் போட்டுவிட்டு உடனே மேட்டு மலை ஏறினால் மருந்து வேகமாக இழுபட்டுச் சீனி இறங்கக்கூடும். அதனால் வேலை நாளில் வயிற்றில் போடுவது நல்லது. படங்குக் கயிறு அழுத்துகிற இடத்தை விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் தினமும் போடாதீர்கள். அப்படிப் போட்டால் அந்த இடம் தடித்துக் கட்டியாகும். அங்கே வலி குறைவு என்று நம் ஆட்கள் திரும்பத் திரும்ப அங்கேயே போடுவார்கள். ஆனால் கட்டியில் போட்ட மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. மலையில் நாம் எப்படி நிரை மாற்றி நிரை எடுக்கிறோமோ அப்படி வலம், இடம், மேல், கீழ் என்று ஒவ்வொரு நாளும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள்.

குத்தும்போது மெதுவாக அழுத்தி அழுத்தி உள்ளே விட்டால்தான் வலிக்கும். தோலை மெல்லப் பிடித்து ஒரே தடவையில் விடுங்கள். மூச்சை வெளியே விட்டபடி மருந்தைத் தள்ளுங்கள். பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். தேய்க்காதீர்கள். ஒரு சொட்டு இரத்தம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கவ்வாத்து மலையில் முள் கீறுகிற வலியில் கால்வாசிகூட இதில் இல்லை என்று இன்று காலை ஒருவர் சொன்னார். யார் என்று கடைசியில் சொல்கிறோம்.

ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடவே கூடாது, புருஷன் பெண்சாதியாக இருந்தாலும். போட்ட ஊசியைக் கானில் எறியாதீர்கள், கொழுந்துச் சாக்கில் போடாதீர்கள். தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, நிறைந்ததும் டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ கொடுங்கள். லயத்து வாசலில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கையைக் கவனமாகக் கேளுங்கள். இந்தியாவுக்குப் போய்வந்த சொந்தக்காரர் சிரிஞ்ச் வாங்கி வந்து கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பாவிக்காதீர்கள். நம் கிளினிக்கில் தருகிற இன்சுலினில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 யூனிட். இந்தியாவில் 40 யூனிட் போத்தலும், அதற்கென்று சிவப்பு மூடிச் சிரிஞ்சும் இன்றும் விற்பனையில் உண்டு. நம் மருந்தை அந்தச் சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! உயிருக்கே ஆபத்து. மருந்துக்கு ஏற்ற சிரிஞ்ச்தானா என்று எப்போதும் கேளுங்கள்.

இப்போது நேற்றைய விஷயத்துக்குத் திரும்புவோம். சீனி இறங்குவது. 70க்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. மீட்டர் இல்லாவிட்டாலும் உடம்பு சொல்லும்: வேர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, கண் மங்கல், எரிச்சல், சம்பந்தமில்லாத பேச்சு. அந்த நேரத்தில் “மலையை முடித்துவிட்டுப் பார்ப்போம்” என்று நிற்காதீர்கள். கூடையை இறக்குங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். இந்தத் தீவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முதலில் கடல் தாண்ட வேண்டும். நம் தோட்டத்தில் கடல் இல்லை, ஆனால் கல்ரோடு இருக்கிறது. இரண்டு இடத்திலும் வண்டி வரும்வரை ஆளைக் காப்பது மடியில் இருக்கிற சீனிதான்.

அதனால் ஒரு விதியை இன்றைக்கே மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: சோறு உறுதியானால்தான் ஊசி. நம்மில் பலருக்குக் கொடுக்கிற மருந்து சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுவது. சாப்பாடு கண்ணுக்குத் தெரிகிறதா? பிறகு போடுங்கள். பூசை முடியட்டும், பந்தி வரட்டும், படகு வரட்டும் என்று இருக்கிற நேரத்தில் போடாதீர்கள். விரதம் பிடிக்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். தானாக ஊசியை நிறுத்துவதும் பிழை, பட்டினியோடு போடுவதும் பிழை. பட்டினி கிடந்து மயங்கி விழு என்று எந்த அம்மனும் கேட்கவில்லை. அண்ணன்மாருக்கு ஒரு சொல்: சம்பள நாளில் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு ஊசியும் போட்டால் இரவு தூக்கத்திலேயே சீனி இறங்கும். குடிபோதை என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். காலையில் எழும்ப மாட்டீர்கள். சந்தையில் விற்கிற பொடியை நம்பி ஊசியை நிறுத்துகிறவர்களுக்கும் இதே மாதிரிக் கண்டிப்போடுதான் சொல்கிறோம்: நிறுத்தாதீர்கள்.

மருந்தை எங்கே வைப்பது? திறக்காத போத்தல் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். ஐஸ் கட்டுகிற தட்டில் அல்ல. உறைந்த இன்சுலின் கெட்டுப்போன இன்சுலின். இளகினாலும் பாவிக்கக் கூடாது. திறந்த போத்தலை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நாலு கிழமை வைத்துப் பாவிக்கலாம். நம் மலைக்குளிரில் பெரிய கஷ்டம் இல்லை, அடுப்புக்கு மேல் தட்டில் வைக்காவிட்டால் சரி. இந்தத் தீவு வெயிலில் என்ன செய்வது?

நேற்று நமக்கு உதவிய ஆச்சியின் வீட்டுக்கு நன்றி சொல்லப் போனோம். அவருக்கும் சீனி வருத்தம். வருடக் கணக்காகத் தானே ஊசி போடுகிறவர். குசினி மூலையில் ஈரமணல்மேல் ஒரு மண்முட்டி. அதற்குள் சின்னப் பாத்திரத்தில், தண்ணீர் படாமல், இன்சுலின் போத்தல். “சண்டைக் காலத்தில கரண்ட் எங்க இருந்தது பிள்ளை? இதுதான் எங்கட பிரிட்ஜ். இப்ப கரண்ட் இருக்கு, ஆனாலும் நிண்டுபோனால் இது இருக்குமெல்லோ” என்றார். கென்யாவில் ஓர் அகதி முகாமின் வெக்கையை வைத்து, எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்குகிற வெப்பத்திலும் இன்சுலின் நாலு கிழமை தன் வலுவை இழக்கவில்லை என்று அது காட்டியது. அதற்காக பஸ்ஸின் முன்கண்ணாடியில் வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. குளிர்பெட்டி இல்லை என்பதற்காக ஊசியை மறுக்கத் தேவையில்லை என்றுதான் அர்த்தம்.

இனி சங்கத்தின் வேலை. ஊசி போடத் துணிவு வேண்டியது தொழிலாளி. ஆனால் துணிவை மட்டும் வைத்துக்கொண்டு நோயோடு வாழ முடியாது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது ஆஸ்பத்திரிகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததை மறந்துவிட்டோமா? இலவச வைத்தியம் இந்த நாட்டு மக்களின் உரிமை. நம் பங்கையும் நாம் கேட்டு வாங்க வேண்டும். நேற்று இரவு தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் தலைவிகளும் உட்கார்ந்து பேசி, நிர்வாகத்திடம் வைக்க ஐந்து கோரிக்கைகளை எழுதினோம்.

ஒன்று: மாதக் கிளினிக்குக்குப் போகிற நாளில் அரைப்பேர் போட்டு வெட்டக் கூடாது. இரண்டு: டிஸ்பென்சரியில் இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி ஒன்று. அதைத் துரை வீட்டு விருந்துக்குப் பாவிக்கக் கூடாது. சிரிக்காதீர்கள், இதையும் எழுதித்தான் வைக்க வேண்டும். மூன்று: கொழுந்து மடுவத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் திரை போட்ட ஒரு மூலையும், போட்ட ஊசியைப் போட ஒரு பெட்டியும். நான்கு: ஒவ்வொரு மலையிலும் கங்காணியின் பையில் ஒரு பக்கற் சீனி, சீனி இறங்கினால் என்ன செய்வது என்று கங்காணிமாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஐந்து: ஊசி போடுகிறவர் சாப்பிட வேண்டிய நேரத்தில் சாப்பிட விட வேண்டும், நிறுவை முடியட்டும் என்று நிறுத்தி வைக்கக் கூடாது.

இவற்றில் ஒன்றுக்கும் பெரிய காசு தேவையில்லை. கேட்க ஆள்தான் தேவை. ஆனால் அதுவரை காத்திருக்காமல் நாமே தொடங்கக்கூடியதும் உண்டு. தானே போடப் பழகிய ஒவ்வொருவரும் பழகாத ஒருவரோடு பத்து நாள் பக்கத்தில் இருக்க வேண்டும். போட்டுக் கொடுக்க அல்ல, பக்கத்தில் இருக்க. அளவை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அது டாக்டரின் வேலை. தைரியம் சொல்வது நம் வேலை.

கடைசியாக, இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். நேற்று அக்காவைத் தீவின் ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே மிஸ்ஸி சிரிஞ்சை அக்காவின் கையில் கொடுத்து மருந்தை அவரையே இழுக்க வைத்தார். இரவு அக்கா வெறும் சிரிஞ்சை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். காலையில் ஆறு இடியப்பம், சொதி, சம்பல் எல்லாம் தட்டில் வந்து மூடி வைத்த பிறகு, “டீச்சர், நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க” என்றார். நாங்கள் திரும்பினோம். ஒன்று, இரண்டு என்று எண்ணும் சத்தம் கேட்டது. எட்டில் கொஞ்சம் நின்றது. பிறகு ஒன்பது, பத்து. முள் கீறுகிற வலியில் கால்வாசிகூட இல்லை என்று சொன்னது அவர்தான்.

பிறகு மகளுக்குப் போன் எடுத்தார். “நானே போட்டுட்டேன். இனி நீ காலையில நேரத்தோட பள்ளிக்கூடம் போ” என்றார். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தம் இல்லை. பிள்ளை அழுதிருக்க வேண்டும். பிந்தி வருகிற வரிசையில் அந்தப் பிள்ளையை நிறுத்திய நாங்களும் அந்த நேரத்தில் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தலையைக் குனிந்த அந்த மூன்று பேரும் இன்று இரவு எங்களிடமோ அக்காவிடமோ வாருங்கள். பேசத்தான். நாளைக் காலை ஐந்தரைக்கு எல்லோருக்கும் பாணும் பருப்பும் தருவோம். ஊசி போடுகிறவர்கள் முன்வரிசைக்கு வரவேண்டும். தட்டு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் துறைக்கு நடப்போம். முதல் படகு போய்விட்டால் போகட்டும். அடுத்த படகு வரும்.